கண்ணுக்குத் தெரிகிற வரிகள்

எக்செலில், வேண்டாத வரிகளை மறைக்கிற பில்டர் போட்ட பட்டியலில் வரிசை எண் எப்படிப் போடுவது என்று பலருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதால் பெரிய நட்டமும் இல்லை. நானே நாற்பத்திரண்டு வயதில்தான் பழகினேன்.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் சொன்னால் விசாரணை அதிகாரிகளான நீங்களே எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். என் சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும், இதற்குப் போதாது. ஆகவே தமிழில் நானே எழுதித் தருகிறேன். மொழிபெயர்க்கிறவர் எந்த இடத்தையும் எனக்காக மென்மையாக்க வேண்டாம்.

என் பெயர் மரியகொறற்றி. கொட்டாஞ்சேனையில் அக்காவோடு இருக்கிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிற 'நிறைவாழ்வு' சிறுநீரக நிலையத்தில் ஏழு வருடம் அலுவலகப் பொறுப்பாளராக இருந்தேன். அங்கே டயாலிசிஸ் இலவசம். ஆறு மெஷின் இருந்தன. ஓர் ஆளுக்கு வாரத்தில் இரண்டு நாள், ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம். ஒரு மெஷினில் நாளுக்கு இரண்டு பேர், வாரத்தில் ஆறு நாள். அப்படிப் பார்த்தால் முப்பத்தாறு பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் வேறெங்காவது வாரம் ஒரு தடவையாவது இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, எங்களிடம் இடம் வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவர்களின் பட்டியல் என் கணினியில் இருந்தது.

ஓர் இடம் மூன்று விதமாகக் காலியாகும். ஒருவருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும், அல்லது அவர் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளிடம் போவார், அல்லது இறந்துபோவார். மூன்றாவதுதான் அதிகம். இதை நான் கவலையில்லாமல் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஏழு வருடத்தில் எல்லாருடைய பெயரும் எனக்குப் பாடம்.

முதல் மூன்று வருடமும் யார் கேட்டாலும் உண்மையான எண்ணைத்தான் சொன்னேன். கொலன்னாவையிலிருந்து புஷ்பராஜ் என்று ஒருவர் வருவார். எண்ணெய் பவுசர் லொறி ஓட்டினவர். கால் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்து, "மிஸ், நான் எத்தனையாவது?" என்று கேட்டார். எழுபத்தொன்று என்றேன். பிறகு, மாதத்துக்கு எத்தனை இடம் காலியாகும் என்று கேட்டார். இரண்டு என்றேன். விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "மூணு வருசம்" என்றார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் இறங்கிப் போனார்.

பதினாறாம் நாள் அவருடைய மனைவி பதிவு அட்டையைத் திருப்பித் தர வந்தார். "அந்த நம்பரைக் கேட்டதில இருந்து அவர் வேற எங்கயும் ரத்தம் சுத்தம் பண்ணப் போகல்ல மிஸ். என்னத்துக்கு அலைச்சல்னு படுத்திட்டார்" என்றார். நான் அட்டையை வாங்கி, அவருடைய வரியில் இறந்த திகதியை எழுதினேன். எழுபத்தொன்று சரியான எண். அன்று நான் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் சரியான எண் ஓர் ஆளை என்ன செய்யும் என்று பார்த்துவிட்டேன்.

இது ஒரு பக்கம். மற்றப் பக்கம் எங்கள் செயற்குழு.

ஒவ்வொரு மாதமும் முதலாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குழு கூடும். ஐந்து பேர். தலைவர் டொக்டர் சிவபாலன். ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர். நான் கொடுக்கிற பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்து, காலியான இடங்களுக்கு ஆட்களைத் தெரிவு செய்வார்கள். நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த வருடத்துக்குப் பிறகு பட்டியல் மூன்று பக்கமாகிவிட்டது. வாசிக்கத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாடு தாண்டிவிடும். ஓர் ஏப்ரல் மாதக் கூட்டத்தில் டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"பிள்ளை, மூண்டு பக்கத்தை வச்சுக்கொண்டு நாங்கள் என்ன செய்யிறது? கடிதம், ரிப்போர்ட் எல்லாம் சரியா இருக்கிற ஆக்களை மட்டும் ஒரு பக்கத்தில தாங்கோ."

நியாயமான கேள்விதான். வைத்தியரின் கடிதம், மூன்று மாதத்துக்குள் எடுத்த இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், கையில் இரத்தக்குழாய் இணைத்த சத்திரசிகிச்சையின் குறிப்பு, இந்த மூன்றும் இருந்தால்தான் ஒருவரை மெஷினில் போடலாம். ஒரு புதிய நிரலில் 'முழுமை' என்றும் 'குறை' என்றும் எழுதி, 'முழுமை' மட்டும் தெரியும்படி பில்டர் போட்டேன். தொண்ணூற்றிரண்டு பேர் இருபத்தாறு பேரானார்கள். ஒரு பக்கம்.

ஆனால் வரிசை எண் காட்டிக்கொடுத்தது. மே மாதம் டொக்டர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, ஒண்டுக்குப் பிறகு நாலு, நாலுக்குப் பிறகு ஒன்பது. ரெண்டும் மூண்டும் எங்க?" என்று கேட்டார். இரண்டாவது ஆளின் ரிப்போர்ட் பழையது, மூன்றாவது ஆளின் கடிதம் வரவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர்கள் ஒவ்வொருவராகக் கதைத்தார்கள். இரண்டு பேருக்கு, ரிப்போர்ட்டைப் பிறகு எடுக்கலாம், முதலில் இடத்தைக் கொடுங்கள் என்று முடிவானது. கூட்டம் இரண்டு மணிக்கு முடிந்தது. போகும்போது பொருளாளர் என்னிடம், "முந்தினதை விட இது மோசம்" என்றார்.

அந்தக் கிழமை நான் அந்தக் கணக்கைத் தேடிப் படித்தேன். எண் போடும் இடத்தில் ஒன்று, இரண்டு என்று தட்டாமல், 'மேலிருந்து இந்த வரி வரை கண்ணுக்குத் தெரிகிற வரிகளை மட்டும் எண்ணு' என்று சொல்லிவிட வேண்டும். பிறகு எதை மறைத்தாலும் எண் தானாக ஒன்றிலிருந்து தொடங்கி இடைவெளி இல்லாமல் போகும். அந்தக் கணக்கில் ஓர் இலக்கம் கொடுக்க வேண்டும். மூன்று என்று கொடுப்பது பில்டர் மறைத்த வரிகளுக்கு. நூற்று மூன்று என்று கொடுத்தால், நாமே கையால் மறைக்கிற வரிகளையும் எண்ணாமல் விடும்.

நான் நூற்று மூன்றைக் கொடுத்தேன். உங்கள் கணினி நிபுணர் இதைக் கவனித்தாரோ தெரியாது. கவனிக்காவிட்டால் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். அன்று வரை கையால் மறைக்க எனக்கு யாரும் இருக்கவில்லை.

ஜூன் கூட்டம் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. ஒன்றிலிருந்து இருபத்துமூன்று வரை. யாரும் எதையும் கேட்கவில்லை. டொக்டர், "இப்பிடித்தான் இருக்க வேணும்" என்றார். பட்டிஸ் வாங்கி வைத்திருந்தேன், சூடு ஆறுமுன் சாப்பிட்டார்கள்.

கையால் முதலில் மறைத்தது செலீனை. அவர் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர், கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தவர். தையல் வேலை. அவருடைய கடிதங்கள் எல்லாம் முழுமை. பட்டியலில் இரண்டாவதாக வந்துவிட்டார். சொந்த ஆளுக்கு இடம் எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று கதை வரும் என்று எனக்குப் பட்டது. ஒரு மாதம் பொறுக்கட்டும் என்று வரியை மறைத்தேன். அடுத்த மாதமும் அதே நியாயம் அப்படியே இருந்தது. செப்டெம்பரில் செலீன் போய்விட்டார். அடக்கப் பூசையில் நான்தான் வேத வாசகம் வாசித்தேன். அவருடைய தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எவ்வளவோ முயற்சி எடுத்தீங்க எண்டு அக்கா சொல்லுவா" என்றார். நான் மறுத்துச் சொல்லவில்லை. அழுகிற நேரத்தில் திருத்திக்கொண்டிருக்க முடியாது.

அதற்குப் பிறகு வேறு சிலர். தூரத்திலிருந்து வருகிறவர்கள், எப்படியும் நேரத்துக்கு வந்து சேரமாட்டார்கள். ஒருவருடைய மகன் என் மேசையில் அடித்துச் சத்தம் போட்டான். அந்தத் தகப்பனை மறைத்ததற்கு இந்த ஒரு காரணம்தான்.

இனி, வெளியே நிற்கிறவர்களுக்கு நான் சொன்ன எண்கள்.

புஷ்பராஜுக்குப் பிறகு நான் யாருக்கும் பெரிய எண் சொன்னதில்லை. பட்டியலில் வசிக்கும் இடம் என்றொரு நிரல் உண்டு. ஆள் எந்தப் பகுதியோ, அதை மட்டும் தெரியும்படி பில்டர் போடுவேன். உயிரோடு இருந்து இன்னும் காத்திருக்கிறவர்கள் மட்டும் என்று இன்னொன்று. எண் தானாக மாறும். கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுவேன். எழுபத்தெட்டாவது ஆள் ஒன்பதாவது ஆளாக அங்கே நிற்பார். திரையில் பார்த்ததை யாரும் சந்தேகப்படுவதில்லை. நான் பொய்யும் சொல்லவில்லை. மட்டக்குளி ஆட்களில் அவர் ஒன்பதாவதுதான்.

தங்கையா அப்படித்தான் ஒன்பதாவது ஆளானார்.

அவர் ஆகஸ்ட் மாதம் பதிந்தவர். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பத்தொன்பது வயதில் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் மூட்டை தூக்கின மனிதர். மட்டக்குளியில் தொடர்மாடி வீடு ஒன்றில் மகள் நிஷாந்தியோடு இருந்தார். மனைவி இல்லை. மகளுக்கு இருபத்தாறு வயதிருக்கும், ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. பதிய வந்த அன்று கடிதம், ரிப்போர்ட், சத்திரசிகிச்சைக் குறிப்பு மூன்றும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் அடுக்கிக் கொண்டுவந்தாள். ரிப்போர்ட் மட்டும் நாலு மாதப் பழையது. அதை நான் சொல்லியிருந்தால் மறுநாளே புதியது எடுத்து வந்திருப்பாள். நான் சொல்லவில்லை. 'குறை' என்று எழுதினேன்.

அந்த நேரம், இறந்தவர்களும் இடம் பெற்றவர்களும் உட்பட, பட்டியலில் கடைசி வரி அவருடையது, நூற்றுப் பதினெட்டாம் வரி. செப்டெம்பர் கூட்டத்துக்குப் பட்டியலை அச்செடுத்துப் பார்த்தால் அவருடைய பெயர் அடியில் நிற்கிறது. 'குறை' என்று எழுதியும் மறையவில்லை. பில்டரை எடுத்துத் திரும்பப் போட்டேன், அப்போதும் நின்றார். கூட்டத்தில் டொக்டர் விரல் வைத்து, "இது ஆர், தங்கையா? இவரையும் எடுப்பம், அடுத்த செவ்வாய் ஓர் இடம் வருகுது" என்றார்.

"அது பிழையா வந்திட்டுது டொக்டர். ரிப்போர்ட் பழசு" என்றேன்.

"ஓ. அப்ப வெட்டிவிடுங்கோ."

அவரே பேனையால் ஒரு கோடு போட்டார்.

பிறகு தேடிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. இப்படி ஒரு கணக்கு கடைசி வரியில் இருந்தால், எக்செல் அந்த வரியை மொத்தத் தொகை என்று நினைத்துக்கொண்டு மறைக்காமல் விட்டுவிடும். அதற்குப் பரிகாரம் மிகச் சின்னது. கணக்கின் முடிவில் ஒன்றால் பெருக்கச் சொல்ல வேண்டும். ஒன்றால் பெருக்கினால் எந்த எண்ணும் மாறாது. நான் பெருக்கினேன். தங்கையா மறைந்துவிட்டார்.

அவர் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வருவார், எப்போதும் சனிக்கிழமை, மகளுக்கு அரைநாள் வேலை முடிந்த பிறகு. கதிரை கொடுத்தாலும் விளிம்பில்தான் இருப்பார்.

"மிஸ், நம்ம நம்பர் கொறஞ்சிருக்குங்களா?"

"ஏழு, ஐயா."

"பாத்தியா புள்ள, ஏழாம்" என்று மகளைப் பார்த்துச் சிரிப்பார். ஒரு தடவை ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். வாழைப்பழம் அவருக்குக் கூடாது, எனக்கென்றே வாங்கியது.

ஒன்பது ஏழானது. ஏழு நாலானது. மார்ச் மாதம் இரண்டானது. அவருக்கு முன்னால் இருந்த எட்டு மட்டக்குளிக்காரரில் ஒருவருக்கு எங்களிடம் இடம் கிடைத்தது. ஒருவர் ஊருக்குப் போனார். ஐந்து பேர் இறந்தார்கள். எண் அப்படித்தான் குறைந்தது. குறைந்தது உண்மை.

இதற்கிடையில் ஜனவரியில் நடந்ததையும் எழுத வேண்டும். நீங்கள் கேட்காவிட்டாலும் இதுதான் பெரியது.

குழுவின் பட்டியலில் தெரிந்தவர்கள் மாதா மாதம் இடம் பெற்றுக் குறைந்துகொண்டு வந்தார்கள். புதிதாக யாரையும் நான் 'முழுமை' என்று மாற்றவில்லை. ரிப்போர்ட்டுகள் மூன்று மாதத்தில் தாமாகவே பழசாகி, அந்த ஆட்களும் 'குறை' ஆனார்கள். டிசம்பரில் ஐந்தாம், ஆறாம் மெஷின்களுக்கு ஆளில்லை. தாதி ரஜனி தினமும் அவற்றைத் துடைத்து, தண்ணீர் ஓட்டிப் பார்த்து மூடி வைப்பாள். ஒரு நாள் காலை என் அறைக்கு வந்து, "கொறற்றி அக்கா, அஞ்சும் ஆறும் எத்தின கிழமையா சும்மா நிக்குது. வெளியில ஆக்களே இல்லையோ?" என்று கேட்டாள்.

"இருக்கினம். வருவினம்" என்றேன்.

அப்போது நான் பில்டரை எடுத்திருக்கலாம். அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் எட்டு மாதமாகிவிட்டது. திடீரென்று எண்பது பேரைக் கொண்டுவந்து வைத்தால், இவ்வளவு நாளும் இவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்பார்கள்.

ஜனவரிக் கூட்டத்தில் டொக்டர் பட்டியலைக் கையில் எடுத்தார். அரைப் பக்கம் கூட இல்லை.

"பிள்ளை, காத்துக்கொண்டு நிக்கிறது இவ்வளவு பேர்தானோ?"

"ஓம் டொக்டர். போன கூட்டத்துக்குப் பிறகு பதிஞ்ச மூண்டு பேர்."

"நல்ல விஷயம்தானே" என்றார் பொருளாளர்.

அந்த மூன்று பேரையும் அன்றே எடுத்தார்கள். மிச்சமிருந்த இரண்டு மெஷினையும் வெளி மாவட்டத்து நிலையம் ஒன்று கேட்டிருந்தது. தேவை இல்லாத இடத்தில் அவை நிற்கக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கூட்டக் குறிப்பை எழுதியது நான். 'தேவை குறைந்துள்ளதைக் கருத்திற் கொண்டு' என்ற வசனம் என்னுடையது. லொறி வந்த அன்று பெட்டிகளை எண்ணிக் கையெழுத்து வைத்ததும் நான். அந்த இரண்டு மெஷினில் பன்னிரண்டு பேர் இருந்திருக்கலாம். அன்று வெளியே எண்பத்தொரு பேர் காத்திருந்தார்கள்.

தங்கையா ஏப்ரல் மாதம், புதுவருடத்துக்கு முந்திய நாள் இறந்தார்.

பதினோராம் நாள், சனிக்கிழமை மத்தியானம் நிஷாந்தி தனியாக வந்தாள். அதே பிளாஸ்டிக் கோப்பு. கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தாள், தகப்பனைப் போல விளிம்பில் அல்ல.

"அப்பா தவறிட்டாருங்க அக்கா. கடேசி ஒரு மாசம் படுக்க முடியல. மூச்சு வாங்கும். உக்காந்துகிட்டே இருப்பாரு."

நான் அனுதாபம் சொன்னேன்.

"அவரு பேர வெட்டிருங்கன்னு சொல்லத்தான் வந்தேன். பின்னால இருக்கிறவங்களாச்சும் சீக்கிரம் மேல வரட்டும்."

இதற்காக யாரும் சனிக்கிழமை அரைநாள் லீவைச் செலவழித்து வருவதில்லை. அவள் வந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. வழக்கம்போல மட்டக்குளிக்குப் பில்டர் போட்டு, திரையை அவள் பக்கம் திருப்பி, தகப்பனுடைய பெயரைக் காட்டினேன். இரண்டு. இறந்த திகதியை எழுதினேன். அவர் மறைந்தார், மூன்றாவது ஆள் இரண்டாவது ஆனார்.

"பாருங்க, இவருக்கு ஓரிடம் முன்னால வந்திட்டுது" என்றேன்.

அவள் பெயரைப் பார்க்கவில்லை. திரையின் இடது ஓரத்தில், பில்டர் போட்டாலும் மாறாமல் எக்செல் தானே காட்டும் வரி எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தப் பக்கத்து நம்பர் நீலமா இருக்கு. அப்பா இருந்தது நூத்திப் பதினெட்டுல. பில்டர் போட்டிருக்கீங்கதானே?"

ஆடைத் தொழிற்சாலையில் அவள் தைக்கிறவள் என்று நான் நினைத்திருந்தேன். கேட்டதே இல்லை. ஒவ்வொரு வரிசையிலும் மணித்தியாலத்துக்கு எத்தனை உருப்படி வருகிறது என்று எக்செலில் பதிகிற வேலை அவளுக்கு, நாலு வருடமாக.

"இது மட்டக்குளி ஆக்கள் மட்டும்" என்றேன்.

"மட்டக்குளிக்குன்னு தனி மெஷின் இருக்குங்களா?"

"இல்லை."

"அப்போ ரெண்டுன்னு சொன்னது எதுல ரெண்டு?"

அவள் எழுந்து மேசையைச் சுற்றி என் பக்கம் வந்தாள். நான் கதிரையைத் தள்ளி இடம் விட்டேன். தடுத்திருக்கலாம், அலுவலகக் கணினி. ஆனால் அவள் கேட்டதில் எனக்குத் தவறு தெரியவில்லை. பில்டரை எடுத்தாள். வரிகள் திரை நிறைய விரிந்தன. மேலிருந்து கீழாக மெதுவாக உருட்டிக்கொண்டு போனாள். அநேகமான பெயர்களுக்கு நேரே 'குறை', 'குறை' என்று இருந்தது. தகப்பனுடைய வரியில் நிறுத்தினாள்.

"என்ன கொறை?"

"ரிப்போர்ட் ஒரு மாதம் கூடிட்டுது."

"யாரும் சொல்லலியே."

"ஓம். சொல்லேல்லை."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். தண்ணீர்ப் போத்தலைக் கூட எடுத்து வைத்தேன். அவள், "அப்பாவுக்குப் பொறகு பதிஞ்சவங்கள்ள எத்தின பேருக்கு எடம் குடுத்திருக்கீங்க? போட்டுக் காட்டுங்க" என்றாள். திகதிக்கும் இடம் பெற்றவர்களுக்கும் பில்டர் போட்டேன். ஒன்றிலிருந்து நாலு வரை எண் விழுந்தது. ஆகஸ்டுக்குப் பிறகு வந்த நாலு பேர். பதிய வந்த அன்றே எல்லாம் சரியாக இருந்ததால், அப்போது 'முழுமை' என்று எழுதப்பட்டவர்கள். தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்தாள். பில்டரை எடுத்து, முழுப் பட்டியலையும் பகுதி பகுதியாகப் படம் பிடித்தாள். பிறகு, "டொக்டர் மேலயா இருக்காரு?" என்று கேட்டாள்.

மேல் மாடியில்தான் என்றேன். வழியும் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. டொக்டர் சிவபாலன் கீழே வந்து பட்டியலைப் பார்த்தது, "மூண்டு பேர் எண்டு சொன்னீங்களே பிள்ளை" என்று திரும்பத் திரும்பச் சொன்னது எல்லாம். அவர்மேல் பழி போட வேண்டாம். அவர் ஒரு பக்கத்தில் கேட்டார், நான் ஒரு பக்கத்தில் கொடுத்தேன். மற்ற வரிகளைப் பற்றி அவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

உங்கள் கடிதத்தில், மறைக்கப்பட்டுக் காத்திருந்து இறந்தவர்கள் பத்தொன்பது பேர் என்று இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். இறந்த திகதி எழுதப்பட்ட வரிகளை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள். வீட்டாருக்கு நான் தொலைபேசி எடுத்தபோது தெரியவந்தது, பட்டியலில் எழுதவில்லை. ஒரே மாதத்தில் அவ்வளவு திகதி எழுதினால் பார்க்கிறவருக்குக் கண்ணில் படும். அந்த ஏழு பெயரையும் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். மொத்தம் இருபத்தாறு. அவர்களில் எத்தனை பேர் மெஷின் கிடைத்திருந்தால் இன்று இருப்பார்கள் என்று வைத்தியர்கள்தான் சொல்ல வேண்டும். எல்லாரும் என்று சொல்ல முடியாது. ஒருவரும் இல்லை என்றும் சொல்ல முடியாது. மறதியால் நடந்தது, வேலைப்பளுவால் நடந்தது என்று என் சார்பில் யாராவது எழுதித் தந்தால் ஏற்க வேண்டாம். தெரிந்துதான் செய்தேன். ஒவ்வொரு வரியையும் தெரிந்துதான் மறைத்தேன்.

ஒரு விஷயம் உங்கள் கோப்பில் இருக்காது, அதைச் சொல்லி முடிக்கிறேன். நிஷாந்தி மேலே போனதற்கும் டொக்டர் கீழே வந்ததற்கும் இடையில் இருபது நிமிடம் இருந்தது. அந்த நேரத்தில் நான் பட்டியலை அழித்தேனா, மாற்றினேனா என்று முதல் நாளே கேட்டீர்கள். ஒன்றும் அழிக்கவில்லை. வெளியே வாங்கில் உட்கார்ந்து இராமலெட்சுமி என்று ஒரு பெண் காத்திருந்தார், மருதானையிலிருந்து வருகிறவர், கணவருக்காக. அவருடைய முறை வந்துவிட்டது. கூப்பிட்டேன். கணவர் நூற்றிரண்டாம் வரியில் இருந்தார். மருதானைக்குப் பில்டர் போட்டு, திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"அஞ்சாவதுங்களா மிஸ்? போன மாசம் எட்டுன்னு சொன்னீங்க" என்று இரண்டு கையையும் கூப்பினார். படியிறங்கும்போதே தொலைபேசியில் கணவருக்குச் சொல்லிக்கொண்டு போனது எனக்குக் கேட்டது.

அந்த மனிதர் அன்று நன்றாகச் சாப்பிட்டிருப்பார். அவர்களிடம் இதுவரை யாரும் போய் உண்மையைச் சொல்லியிருக்காவிட்டால், தயவுசெய்து நீங்களும் சொல்லாதீர்கள்.